தாத்தாவின் புல்லட்டில் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு

தாத்தா விட்டுச்சென்ற பழைய நான்கு கியர் புல்லட்டைச் சீர்செய்துகொண்டே ஓட்டப் பழகும் செங்கோட்டை வட்டாரத்து இளைஞர்கள், அதில் கியர் வலக்காலிலும் பின்பிரேக் இடக்காலிலும் இருப்பதையும், முதல் கியருக்கு மேலே தூக்கி மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டியிருப்பதையும், எஞ்சினை இயக்காமல் நடு ஸ்டாண்டில் நிறுத்தியே காலுக்குப் பழக்கிவிட வேண்டும். அவசரத்தில் பிரேக் என்று கியரை மிதித்து வைக்கோல் படப்புக்குள் புகுந்தவன் நான்.

சாவியைத் திருப்பி, அம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மானி) முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டிகம்ப்ரஷன் லீவரை (எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் பிடி) பிடித்தபடி இன்னும் சற்றே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டபின் முழுமூச்சாக உதைத்தால், வண்டி திருப்பி உதைப்பது பெரும்பாலும் தவிரும்.

பிரேக் ஷூக்களையும் கேபிள்களையும் மாற்றும்வரை மலைச்சாலையில் இருக்கும் புளியரை எஸ் வளைவுப் பக்கம் போகவே வேண்டாம். ஏறிவிடலாம், இறங்குவதுதான் கடினம்.