பின் சக்கரம் ஆடுகிறதா? சேத்தக் இன்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய பஜாஜ் சேத்தக்கில் பின்பக்கம் ஆட்டம் என்று போனால், வண்டியைத் தொடாமலே "பேரிங் போச்சு" என்று சொல்லும் கடைகள் நிறைய. சேத்தக்கில் பின் சக்கர பேரிங் மாற்ற இன்ஜினை இறக்கி, அதன் வெளிக்கூடான கேஸை இரண்டாகப் பிளந்தாக வேண்டும். கோவையில் டூ ஸ்ட்ரோக் சேத்தக் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆட்டத்தோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படுவதே இல்லை. டயரில் தொடங்கி ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். பேரிங் கடைசி.

இந்த வண்டியில் செயின் கிடையாது, தனியாக ஸ்விங் ஆர்மும் கிடையாது. கியர் பாக்ஸிலிருந்து வரும் அச்சிலேயே பிரேக் டிரம் உட்கார்ந்திருக்கிறது, டிரம்மில் சக்கரம். இன்ஜின் மொத்தமும் முன்னால் ஒரே ஒரு நீள போல்ட்டில் தொங்கி, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அதனால் அந்த போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் தேய்ந்தாலும் ஓட்டுபவருக்குச் சக்கரம் ஆடுவது போலத்தான் தெரியும்.

முதலில் ஓட்டிப் பாருங்கள். மெதுவாகப் போகும்போதே சக்கரம் சுற்றுகிற கணக்குக்கு இடுப்பு இடமும் வலமும் போனால் டயர் அல்லது ரிம். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்து விடும்போது பின்பக்கம் தானாகத் திரும்புகிற மாதிரி இருந்தால் இன்ஜின் புஷ். கிளம்பும்போதும் பிரேக் மிதிக்கும்போதும் "டக்" என்று ஒரு அடி கேட்டால் டிரம். ஹேண்டில் பார்தான் உதறுகிறது என்றால் முன்பக்கம் ஹேண்டில் திரும்பும் கோன் செட்டைப் பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரை அதற்கில்லை. காற்றையும் பார்த்துவிடுங்கள். பின் டயரில் தனியாக ஓட்ட 25 பிஎஸ்ஐ, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 35 பக்கம். காற்று குறைந்த டயரே போதும், வண்டி நெளியும்.

இனி ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, பின் சக்கரம் தரையில் படாமல் நிறுத்துங்கள். வண்டியைப் படுக்கப் போட்டு வேலை செய்வது பழைய வழக்கம். பெட்ரோல் வழியும், டிக்கி நசுங்கும். கட்டையே மேல்.

நியூட்ரலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஸ்குரூடிரைவர் முனையை ரிம் விளிம்புக்கு அருகில் அசையாமல் பிடியுங்கள். டயரைப் பார்க்காதீர்கள், ரிம் விளிம்பை மட்டும் பாருங்கள். இடைவெளி மாறாமல் இருந்தால் ரிம் நேர். அப்போதும் டயர் நெளிந்தால், டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிவர ஓடும். அது ஓரிடத்தில் ரிம்முக்குள் புதைந்திருக்கும். காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றினால் சரியாகும். பக்கவாட்டில் வீங்கிய பழைய டயர் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

ரிம்மே ஆடினால் ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். சேத்தக்கில் முன், பின், ஸ்டெப்னி மூன்றும் ஒரே 3.50-10 சக்கரம். இதைவிட நல்ல சோதனைக் கருவி கிடையாது. ஸ்டெப்னியில் ஆட்டம் போய்விட்டால் கழற்றிய ரிம்மில்தான் குறை. அதைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்த வேண்டாம், வேறு ரிம் வாங்குங்கள். ஸ்டெப்னியும் அதே இடத்தில் ஆடினால் டிரம் அல்லது அச்சு வளைந்திருக்கிறது.

ரிம் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. இது இரண்டு பாதியாகச் சேர்த்த ரிம். டிரம்மோடு பிடிக்கும் ஐந்து நட் வேறு, பாதிகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஐந்து நட் வேறு. காற்றை முழுக்க இறக்காமல் இரண்டாவது வகையைத் தொடவே கூடாது. உள்ளே காற்று இருந்தால் பாதி ரிம் தெறித்து முகத்தில் அடிக்கும்.

சக்கரத்தைக் கழற்றிய கையோடு ரிம்மின் ஓட்டைகளைப் பாருங்கள். லூஸ் நட்டோடு ஓடிய ரிம்மில் அவை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாகத் தேய்ந்து ஓரம் பளபளக்கும். அந்த ரிம்மை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. டிரம்மில் நட் மாட்டும் ஸ்டட்டின் மரையையும் விரலால் தடவிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் ஸ்டட்டை மட்டும் மாற்றலாம். மாட்டும்போது ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஒன்றை அடுத்து அதற்கு எதிர்ப்பக்கம் உள்ளதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் கோணலாக உட்காரும்.

சக்கரத்தை மறுபடி மாட்டிக்கொண்டு டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பின் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் அடங்கினால் டிரம், அச்சுப் பக்கம். மிதித்தும் அப்படியே இருந்தால், சக்கரத்தோடு இன்ஜினே சேர்ந்து அசைகிறதா என்று குனிந்து பாருங்கள்.

அடுத்ததுதான் எல்லோரும் தவறவிடும் இடம். அச்சின் நுனியில் கோட்டை மதில் போல மேலே வெட்டுகள் உள்ள கேஸில் (castle) நட் இருக்கிறது, அது கழலாமலிருக்க வெட்டின் குறுக்கே ஸ்பிலிட் பின். நட்டிலிருந்து டிரம்வரை சாக்பீஸால் நேராக ஒரு கோடு போடுங்கள். வண்டியை கியரில் போட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். கியரில் கொஞ்சம் விளையாட்டு எப்போதும் இருக்கும், அது பரவாயில்லை. ஆனால் நட் அசையாமல் நிற்க டிரம் மட்டும் திரும்பி, கோடு இரண்டாக விலகினால், டிரம்மில் அச்சைக் கவ்வும் உள்பல் தேய்ந்துவிட்டது. கழற்றினால் துருப்பொடி செம்மண் மாதிரி கொட்டும்.

நட் மட்டும் லூஸாகி, பல் இன்னும் கூர்மையாக இருந்தால் தப்பித்தீர்கள். பல்லைத் துடைத்து, மாட்டி, நீளமான கைப்பிடி போட்டு நன்றாக இறுக்குங்கள். ஸ்பிலிட் பின் ஓட்டை நேருக்கு வராவிட்டால் நட்டைத் தளர்த்தி நேர் பண்ணாதீர்கள், அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் இறுக்க வேண்டும். பின் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை வளைத்ததை நிமிர்த்திப் போடுவதும், கம்பியை முறுக்கி விடுவதும் இங்கே கூடாது. அது உடைந்தால் நட் கழன்று, ஓடும் வண்டியில் டிரம்மோடு சக்கரம் வெளியே வந்துவிடும். பல் போன டிரம்மைக் கோவை கணபதி பகுதியில் லேத்தில் கொடுத்துப் பற்றவைத்து ஓட்டுபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புது டிரம் போடுங்கள். அச்சின் பல்லும் தேய்ந்திருந்தால் புது டிரம்மையும் அது தின்றுவிடும். அப்போது இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

புஷ் விஷயம் எளிது. முன்னால் நீள போல்ட் போகும் இடத்தில் டார்ச் அடித்து, ஒருவர் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள். போல்ட்டைச் சுற்றி ரப்பர் பிதுங்கியோ வெடித்தோ இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். புது போல்ட்டுக்குக் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்து, அடுத்த முறை கழன்று வராது. ஷாக் அப்சார்பர் கீழ்ப் புஷ்ஷையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்து, டிரம் இறுக்கமாக இருந்தும் அச்சே மேலும் கீழும் அசைந்தால் பேரிங்தான். சுற்றும்போது கரகரவென்ற சத்தமும், டிரம்முக்குள் கியர் ஆயில் கசிவும் பல நேரம் கூடவே இருக்கும். கேஸைப் பிரித்தால் எல்லா ஆயில் சீலையும் கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்லுங்கள், அச்சின் மறுமுனை நீடில் பேரிங்கையும் விடாதீர்கள். ஆயில் நனைந்த பிரேக் ஷூவைக் கழுவிப் போட வேண்டாம், மாற்றுங்கள். கியர் பாக்ஸில் எஸ்ஏஇ 30 ஆயில், வண்டியை நேராக நிறுத்தி, ஊற்றும் துளையில் வழிய வரும்வரை. 50 கிலோமீட்டர் ஓடியதும் ஐந்து சக்கர நட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.