கொலு பொம்மையில் வெள்ளைப் பூப்பு: பூஞ்சை இல்லை, உப்பு

ஏர்கான் குழாய் ஒழுகி, பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு அறை) வைத்திருந்த பெட்டிக்குள் தண்ணீர் தேங்கிவிட்டது. பதினோரு மண் பொம்மைகள் நனைந்திருந்தன. துடைத்து வைத்த இரண்டாம் நாளே எல்லாவற்றிலும் பஞ்சுபோல வெள்ளை.

பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் இன்னும் அதிகமாகப் பூத்தது. ஒன்றுக்கு மட்டும் வார்னிஷ் அடித்துப் பார்த்தேன். அது கொப்புளித்து, பெயிண்டையும் உரித்துக்கொண்டு வந்தது. பால்கனி வெயிலில் வைத்த செட்டியார் பொம்மைக்குக் கன்னத்தில் விரிசல்.

பிறகுதான் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வெள்ளை கரைந்துபோனது. உப்பு! பூஞ்சை அப்படிக் கரையாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும்போது மண்ணிலுள்ள உப்பையும் இழுத்து வருகிறது.

ஈரம் எங்கே? பொம்மையின் உள்ளே வெற்றிடம். அடியில் உள்ள துளையைக் காகிதம் ஒட்டி மூடியிருந்தார்கள், அதன்மேல் பெயிண்டும் இருந்ததால் கண்ணில் படவில்லை. காகிதத்தைக் கீறி எடுத்தேன், செட்டியாரிடமிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொட்டியது.

பொம்மைகளைக் கம்பி வலையில் படுக்கவைத்து, ஏர்கானை ட்ரை மோடில் போட்டு, மின்விசிறியை நேராகக் காட்டாமல் சுவர்ப்பக்கம் திருப்பினேன். தினமும் சமையல் தராசில் எடை. செட்டியார் 412 கிராமிலிருந்து 371க்கு இறங்கி, மூன்று நாள் அங்கேயே நின்றார். அதன்பின் உப்பை உலர்ந்த மென்தூரிகையால் தட்டியதோடு சரி, திரும்ப வரவில்லை. எழும்பிய பெயிண்டுக்கு, ஒரு பங்கு வெள்ளைப் பசையில் மூன்று பங்கு தண்ணீர்.

துளைகளைத் திரும்ப மூடவில்லை.