ஆலைக் கழிவுநீரிலிருந்து மின்சாரம்: ஜெனரேட்டருக்கு முன் செய்ய வேண்டியவை

மரவள்ளி மாவு, சர்க்கரை, பாமாயில் போன்றவற்றைத் தயாரிக்கும் ஆலைகளின் கழிவுநீர் திறந்த குட்டையில் அழுகும்போது வெளிவரும் மீத்தேன், வளிமண்டலத்தை வெப்பமாக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைப் பல மடங்கு விஞ்சுவது. அதை மூடிய கலனில் பிடித்துவிட்டால் அதுவே எரிபொருளாகும்.

முதலில் கழிவுநீரை அளக்க வேண்டும். நாள் முழுவதும் இடைவெளிவிட்டு எடுத்த மாதிரிகளைக் கலந்து, அதிலுள்ள கரிம மாசின் அளவைக் காட்டும் வேதியியல் ஆக்சிஜன் தேவையை (சி.ஓ.டி.) அரவைப் பருவம் நெடுகிலும் சோதிப்பது நல்லது. நீக்கப்படும் ஒவ்வொரு கிலோ சி.ஓ.டி.க்கும் அதிகபட்சம் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும். லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் சி.ஓ.டி. கொண்ட நீர் நாளொன்றுக்கு 500 கனமீட்டர் வந்து, அதில் 80 சதவீதம் நீங்கினால், சுமார் 1,120 கனமீட்டர் மீத்தேன் உருவாகும். 36 சதவீதத் திறனுள்ள எஞ்சினில் இது ஏறத்தாழ 4,000 யூனிட் மின்சாரம். நடைமுறையில் சற்றுக் குறையும் என்பதால், எஞ்சினைச் சிறிதாகவே தேர்ந்தெடுங்கள்.

மண், நார் ஆகியவற்றை வடிகட்டி, வரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் தொட்டி வழியே நீரைக் கலனுக்கு அனுப்புங்கள். திடப்பொருள் குறைந்த நீருக்கு, நுண்ணுயிர்க் கசடுப் படுகையின் ஊடே நீர் கீழிருந்து மேலேறும் மேல்நோக்கு கசடுப் படுகைக் கலன் பொருந்தும். திடப்பொருள் மிகுந்து, நிலமும் தாராளமாக இருந்தால் மூடிய குட்டை போதும்.

உண்மையான கவனம் தேவைப்படுவது, கலனுக்குள் மாசை மீத்தேனாக்கும் நுண்ணுயிர்களுக்குத்தான். ஏற்கெனவே இயங்கும் கலனிலிருந்து கசடைக் கொண்டுவந்து விதைத்து, வெப்பநிலையை 35 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்து, கலனுக்குள் விடும் மாசுச் சுமையைச் சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். அவசரப்பட்டால், அமிலம் உண்டாகும் வேகத்துக்கு மீத்தேன் ஆக்கும் நுண்ணுயிர்களால் ஈடுகொடுக்க முடியாது. அமில-கார அளவான பி.எச். 6.8க்கும் 7.4க்கும் இடையில் இருக்கிறதே என்று நிம்மதியடையக் கூடாது. நீரின் காரத்தன்மை அமிலத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் வரை பி.எச். அசையாது, அசையும்போதோ காலம் கடந்திருக்கும். ஆகவே ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் தவறாமல் பாருங்கள். அது 0.4ஐ நெருங்கினால் வரத்தை உடனே குறையுங்கள்.

வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரிக்கும், மனிதரையும் கொல்லும். இரும்பு ஆக்சைடு படுகையிலோ உயிரியல் முறையிலோ அதை நீக்கி, ஈரத்தையும் வடித்த பிறகே வாயுவை எஞ்சினுக்குள் விட வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும் என்பதால் வாயு உணரியும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம். எஞ்சின் நிற்கும் நேரத்தில் வாயுவை எரித்துவிட எரிகம்பமும் வேண்டும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைக் கலனைச் சூடாக்கத் திருப்பிவிடலாம். கலனிலிருந்து வெளிவரும் நீரில் மாசு இன்னும் மீதமிருக்கும். காற்றூட்டிச் சுத்திகரித்த பிறகே அதை வெளியேற்ற வேண்டும்.