சுன்னாகத்தில் விடுமுறைக்கு வீடு எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது

ஆடி, ஆவணியில் குடும்பமாக ஊருக்குப் போகிறவர்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம், மருதனார்மடம் பக்கம் முழு வீடாக எடுத்துத் தங்க விரும்புவதில் நியாயம் இருக்கிறது. சந்தை கிட்ட, காங்கேசன்துறை வீதியில் பஸ், ரயில் நிலையமும் ஊருக்குள்ளேயே, பிள்ளைகள் ஓடித்திரிய வளவு. ஆனால் அங்கே வாடகைக்கு வரும் வீடுகளில் பல, எங்களைப்போல வெளிநாட்டுக்குப் பூட்டிவிட்டுப் போனவர்களின் வீடுகள். திறப்பு பக்கத்து வீட்டில் இருக்கும், வீட்டு உறுதிப் பத்திரம் கொழும்பில் இருக்கும், உரித்துக்காரர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர் இவர்களில் யார் என்று தெரியாமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

"உறுதி யாருடைய பேரில் இருக்கு?" என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். உறவினர் மூலம் வந்த வீடு என்றால் இன்னும் கூச்சம். கேட்டே ஆக வேண்டும். சீதன உறுதி எழுதிய வீடு அந்தப் பெண்ணின் சொத்து. வருடக்கணக்காக அதைக் கூட்டித் துடைத்துப் பார்க்கிற அண்ணருக்கு, பார்த்துக்கொண்டார் என்பதாலேயே வாடகைக்குக் கொடுக்கும் உரிமை வந்துவிடாது. தாய் தகப்பன் மரணசாசனம் எழுதாமல் இறந்திருந்தால் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு. பிரிக்காத சொத்தில் ஒருவர் தன் பங்குக்கு மேல் எதையும் கொடுக்க முடியாது. வெளிநாட்டில் இருப்பவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கிறார் என்றால் அற்றோணித் தத்துவத்தை, அதாவது அவருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, காட்டச் சொல்லுங்கள். பதிவாகியிருக்கிறதா, வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் அதில் எழுதியிருக்கிறதா என்று வரி வரியாக வாசியுங்கள். வழக்குப் பேச மட்டும் எழுதிக் கொடுத்த தத்துவம் இதற்கு உதவாது.

இதைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும்? ஆறு கிழமைக் காசையும் கட்டி வந்து இறங்கி நாலாம் நாள், நல்லூர்த் திருவிழாவுக்கென்று அந்த வீட்டு மகள் குடும்பத்தோடு வந்து நிற்பார். வாடகைக்குக் கொடுத்ததே அவருக்குத் தெரியாது. தன் வீட்டுப் படலையில் பெட்டியோடு நிற்கிறவரிடம் எதைக் காட்டுவீர்கள்? காசு வாங்கியவர் போனை எடுக்கமாட்டார். விதானையார் (கிராம அலுவலர்) ஆள் அங்கே வசிப்பதை உறுதிப்படுத்தலாம், உரித்துச் சண்டையைத் தீர்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. பொலிசில் முறைப்பாடு எழுதப் போனால் சிவில் விஷயம், வழக்குப் போடுங்கள் என்ற பதில் வரக்கூடும். வழக்கு உங்கள் லீவுக்குள் முடியாது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவது உங்கள் சித்தப்பாவோ மாமியோதான். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். அவர்கள் அதே ஒழுங்கையால்தான் தினமும் கோயிலுக்குப் போக வேண்டும்.

சட்டம் ஒன்றையும் கவனியுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. ஆறு கிழமை தங்குபவர்கள் நொத்தாரிசிடம் போங்கள், அல்லது தங்குவதை ஒரு மாதத்துக்குள் அடக்குங்கள். ஒரு மாதத்துக்குள் என்றாலும் கடிதம் வேண்டும்: உரித்துக்காரர் எல்லோருடைய பெயர், கையெழுத்து வைப்பவரின் அடையாள அட்டை இலக்கம், வருகிற போகிற திகதி, கட்டிய காசு, எந்த எந்த அறைகள் என்பது. உரித்துக்காரர் ஒவ்வொருவரிடமும் வாயால் ஒரு சம்மதம் கேட்டுவிடுங்கள். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை வீட்டுக்குள் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தண்ணீர் அடுத்த விஷயம். சுன்னாகம் இருக்கும் வலிகாமத்தில் கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியின் கசிவும் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கு இறங்கும். இப்படி இறங்கும் நைத்திரேற்று என்ற உப்பு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் இந்தப் பக்கம் உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரைத் தொடவேண்டாம். ஆறு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 18 லீற்றர் பிடிக்கும், ஆகவே அவ்வளவு கொள்ளும் பெரிய போத்தல் நாளுக்கு ஒன்று சொல்லிவையுங்கள். குளிக்க, உடுப்புத் தோய்க்கக் கிணறு போதும். மேலே 500 லீற்றர் தாங்கிதான் என்றால் ஆறு பேருக்கு ஒரு நாளைக்கே இழுபறிதான். மோட்டர் காற்று இழுத்தால் யார் வந்து தண்ணீர் விட்டுத் தருவார் என்று கேளுங்கள். கரண்ட் போனால் மோட்டரும் இல்லை. கிணற்றடியில் கப்பியும் கயிறும் வாளியும் இருக்க வேண்டும்.

மின்மானியை வந்த அன்றும் போகிற அன்றும் படம் எடுங்கள். யூனிற் கூடக் கூடக் கட்டணப் படியும் ஏறும், ஏசி போட்டால் மாத பில் எங்கோ போய் நிற்கும். அதைக் கட்டுவது யார் என்பது கடிதத்தில் இருக்கட்டும்.

உறவினரிடம் வீடு எடுக்க முதலே சொல்லிவிடுங்கள். "எங்கட வீடு இருக்க ஏன் காசு குடுக்கிறியள்" என்ற கேள்வி எப்படியும் வரும். எடுத்த பிறகு வந்தால் அது மனத்தாங்கலாகிவிடும். முதல் நாள் சாப்பாட்டை அவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அறை பூட்டியிருக்கும். மேலதிகக் கட்டில் போட அதைத் திறக்கச் சொல்லிக் கேட்கவேண்டாம். தையல் மெசின், கல்யாணப் படம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகள் என்று கொண்டுபோக முடியாததெல்லாம் அதற்குள்தான் கிடக்கும். கதவு நிலையில் கறையான் மண் ஏறியிருந்தால் மட்டும் படம் எடுத்து உரித்துக்காரருக்கு அனுப்புங்கள். வேறு யாரும் அவருக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.