பாட்டன் பூட்டன் இறப்புப் பதிவைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வம்சாவளி எழுத உட்காருகிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இறப்புப் பதிவேட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். வீட்டில் சொல்கிற கதைகளில் தாத்தா எப்போதும் "அந்தப் பெரிய புயல் வருஷம்" இறந்திருப்பார், பூட்டி "நூறு வயசு வரைக்கும்" இருந்திருப்பார். பதிவேட்டில்தான் தேதி இருக்கும். ஆனால் அதைத் தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பதிவேடு பெயர் வரிசையில் இல்லை, ஊர் வாரியாக, ஆண்டு வாரியாக இருக்கிறது. இறந்த இடமும் வருஷமும் தெரியாமல் கவுன்ட்டரில் போய் நின்றால் அங்கே இருப்பவர் நல்ல மனுஷராகவே இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் தவறு, சொந்த ஊரில் தேடுவது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஆள் எந்த ஊர், எங்கே எரித்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரர் மதுரை பெரியாஸ்பத்திரியில் இறந்து, உடலை ஊருக்குக் கொண்டுவந்து காரியம் எல்லாம் ஊரிலேயே நடந்திருந்தாலும், பதிவு மதுரை மாநகராட்சி எல்லையில்தான் இருக்க வேண்டும். ஊர் வி.ஏ.ஓ.விடம் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது. அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் "எப்போ இறந்தார்" என்று கேட்பதற்கு முன்னால் "எங்கே வைத்து உயிர் போச்சு, ஆஸ்பத்திரியிலா வீட்டிலா, மகள் வீட்டிலா" என்று கேளுங்கள். கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் போய் இருந்த பாட்டிகள் நிறைய.

இடம் தெரிந்த பிறகும் எல்லை மாறியதை மறந்துவிடக் கூடாது. அதே சங்கரன்கோவில் 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. மயிலாடுதுறை முதலில் தஞ்சாவூர், 1991-இல் நாகப்பட்டினம், 2020-இல் தனி மாவட்டம். அதிலும் 1982 வரைக்கும் பெயரே மாயூரம், பழைய காகிதங்களில் அப்படித்தான் இருக்கும். அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் 2011-க்கு முன்னால் தனித்தனி நகராட்சிகள், அப்புறம்தான் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களும் செங்கோட்டைக்காரர்களும் 1956 நவம்பருக்கு முந்தைய பதிவைத் தேடினால் அது திருவிதாங்கூர் (கடைசி ஏழு வருஷம் திருவிதாங்கூர்–கொச்சி) நிர்வாகத்தின் பதிவு. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். இறந்த வருஷத்தில் அந்த ஊர் யார் கையில் இருந்தது என்று பார்த்துவிட்டு அலுவலகத்தை முடிவு செய்யுங்கள்.

அடுத்தது வருஷம். இதில்தான் படித்தவர்களே சறுக்குகிறார்கள். நம் வீடுகளில் இறந்த நாள் திதியாகத்தான் நினைவில் இருக்கும், "விகாரி வருஷம் மாசி மாசம் தேய்பிறை தசமி" என்று. விகாரி அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும்: 1899, 1959, 2019. இதில் எது என்பதைப் பேரப்பிள்ளைகளின் வயதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம், அது பெரிய வேலை இல்லை. கவனிக்க வேண்டியது மாசத்தை. தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், 1959-இல் தொடங்கிய விகாரியின் மாசி மாசம் 1960 பிப்ரவரியில் வருகிறது. 1959 பதிவேட்டை முழுசும் புரட்டினாலும் ஆள் இருக்க மாட்டார். தையிலிருந்து பங்குனி வரை எந்த மாசம் சொன்னாலும் ஆங்கில வருஷத்தில் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள் (மார்கழி பிற்பகுதிக்கும் இதே கதைதான்). இன்னொரு நுணுக்கம்: விடியற்காலை மூன்று மணிக்கு இறந்தவரை வீட்டில் முந்தின நாள் கணக்கில் சொல்வார்கள், நமக்கு நாள் சூரிய உதயத்தில்தானே தொடங்குகிறது. பதிவேட்டில் நள்ளிரவு தாண்டினால் அடுத்த தேதி. ஒரு நாள் வித்தியாசம் வந்தால் வேறு ஆள் என்று விட்டுவிடாதீர்கள்.

தேடுதல் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. "1940-லிருந்து 1960-க்குள்" என்று எழுதிக் கொடுத்தால் உங்களுக்கும் செலவு, தேடுகிறவருக்கும் வெறுப்பு.

பெயர் விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். குலசாமி பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று, பட்டாவில் ஒன்று என்று இருந்த தலைமுறை அது. வீட்டில் "ராசு தாத்தா" என்றால் பதிவேட்டில் சுப்பிரமணியன் என்று இருக்கலாம். தகப்பனார் பெயரையும் தெருவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கிராமத்தில் ஒரே வருஷத்தில் இரண்டு முத்தையா இறந்திருந்தால் அதுதான் கைகொடுக்கும். பெண்களை இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று தேடிப் பாருங்கள். பிறந்த சில நாளில் இறந்த பிள்ளைக்குப் பெயரே இருக்காது, "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். வயதை நம்பவே நம்பாதீர்கள். 60, 65, 70 என்று முழுசாக இருந்தால் யாரோ குத்துமதிப்பாகச் சொன்னது என்று அர்த்தம், அதை வைத்துப் பிறந்த வருஷத்தைக் கழித்து எடுத்து வம்சாவளியில் எழுதிவிட வேண்டாம்.

"ஆன்லைனில் பார்த்தேன், இல்லை" என்று கைவிடுவது இப்போது அதிகமாகிவிட்டது. சென்னை மாநகராட்சித் தளத்திலும் மாநில அரசின் பிறப்பு இறப்புத் தளத்திலும் தேட வசதி இருப்பது நல்லதுதான், ஆனால் அங்கே இருப்பது கணினியில் ஏற்றிய பதிவுகள் மட்டும். தாத்தா காலத்துப் பதிவு காகிதத்தில்தான் இருக்கும். நகரம் என்றால் நகராட்சி சுகாதாரப் பிரிவு. கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம் தொடங்கி, பழைய ஆண்டுகளுக்குத் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் கேட்க வேண்டும். 1980 வரை பரம்பரைக் கிராம அதிகாரிகளான கர்ணமும் மணியக்காரரும் எழுதியவை அவை. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்னால் பதிவே கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் 1899-லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது.

கவுன்ட்டரில் "பழைய ரிஜிஸ்டர் எல்லாம் இல்லை சார்" என்று வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். இறப்புப் பதிவேடு நிரந்தர ஆவணம், அழிக்கக் கூடாது என்பது விதி. தேடியும் பதிவு இல்லை என்றால் பதிவில்லாச் சான்று தருவதற்குப் பத்தாம் எண் படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் ரிஜிஸ்டர் கிடைத்துவிடுவதும் உண்டு. அதுவும் ஆகவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில், எந்தக் கிராமத்தின் எந்த ஆண்டுப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டு ஒரு மனு.

பதிவு இல்லை என்று உறுதியான பிறகு இடைத்தரகர் யாராவது "புதுசா பதிந்து சர்டிபிகேட் வாங்கித் தரேன்" என்பார். ஒரு வருஷம் தாண்டிய இறப்பைப் பதிய, 1969 சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு வேண்டும். சொத்துக்கு வேண்டுமென்றால் சரி, வம்சாவளிக்கு அது எதற்கு? நீங்கள் சொன்ன தேதியையே உங்களிடம் திருப்பித் தருகிற காகிதம் ஆதாரம் ஆகாது.

என்ன நோயில் இறந்தார் என்று சான்றிதழில் தேடி ஏமாறுகிறவர்களும் உண்டு. 1969 சட்டத்தின் 17-ஆவது பிரிவு, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவைத் தேடி நகல் வாங்கலாம் என்கிறது. ஆனால் இறப்புக்கான காரணத்தை அதில் காட்டக் கூடாது என்றும் அதே பிரிவே சொல்லிவிடுகிறது.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு தனியாக இருக்கும். அதில் உள்ள தேதி அடக்கம் செய்த தேதியா இறந்த தேதியா என்று பார்த்து எழுதுங்கள். மலேயாவுக்கோ இலங்கைக்கோ போய் அங்கேயே இறந்தவரின் பதிவை அந்த நாட்டில்தான் கேட்க வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் வேர் உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அதிர்ஷ்டம்: பிரெஞ்சு ஆட்சிக்காலப் பழைய பதிவுகளைப் பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பிரதேச ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறது. ஊரையும் வருஷத்தையும் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், கையெழுத்து பிரெஞ்சில் இருக்கும், நம் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் கண்ணால் தேடாமல் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.