ஆர்-இல் பலகோணங்களுக்குள் சமவாய்ப்புப் புள்ளிகள் எடுப்பது எப்படி?

ஒரு கள ஆய்வுக்காக வரைபடத்தில் எல்லைக்கோட்டால் மூடிய பகுதிகளுக்குள் (இவையே பலகோணங்கள்) சில நூறு இடங்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. புள்ளிகள் பார்வைக்கு நன்றாகவே விழுந்தன. ஆனால் நான் எடுத்த முறை தப்பு என்பது களத்துக்குப் போய்வந்த பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தில் நீங்களும் சறுக்கக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு.

ஆர் (புள்ளியியலுக்கான நிரல்மொழி), ஆர்-ஸ்டுடியோ (அதில் வேலை செய்ய உதவும் செயலி) இரண்டும் நிறுவியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படியே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுத் தட்டுங்கள். 'செட் சீட்', 'ஆஸ் நியூமெரிக்' இரண்டுக்கு மட்டும் அடிக்கோட்டுக்குப் பதிலாக முற்றுப்புள்ளி.

1. தொகுப்பும் தரவும்

எஸ்.எஃப் தொகுப்பை (ஆர்-இல் வரைபடத் தரவைக் கையாளும் கூடுதல் நிரல்) மட்டும் நிறுவினால் போதும். பழைய பாடங்களில் எஸ்.பி, ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்று வரும். கடைசி மூன்றும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

எஸ்.எஃப் நிறுவும்போதே அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநில வரைபடம் ஒன்றும் கூட வந்துவிடும். தொகுப்பின் 'ஷேப்' அடைவுக்குள் 'என்சி' என்ற பெயரில் இருக்கும். 100 கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை), 100 வரிசைகள். எல்லோர் கணினியிலும் ஒரே தரவு இருக்கும் என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். 'எஸ்டி ரீட்' கொண்டு திறந்து, 'என்சி' என்றே பெயர் வையுங்கள்.

2. ஆயத்தொலைவு முறையை மாற்றுதல்

இந்த வரைபடம் என்.ஏ.டி. 27 என்ற பழைய வட அமெரிக்க ஆயத்தொலைவு முறையில், டிகிரிக் கணக்கில் இருக்கிறது. அதை மீட்டர் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பரப்பளவு சிதையக்கூடாது என்பதால் என் தேர்வு இ.பி.எஸ்.ஜி. 5070, அதாவது ஆல்பர்ஸ் சமபரப்பு முறை (இ.பி.எஸ்.ஜி. என்பது ஆயத்தொலைவு முறைகளுக்கான எண் பட்டியல்). அதே பட்டியலில் இந்த மாநிலத்துக்கென்றே இருக்கும் 32119 என்ற முறை, வடிவத்தைக் காக்குமே தவிர பரப்பைக் காக்காது. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் வேறுபாடு சொற்பம்தான். ஆனாலும் மாதிரியெடுக்கும்போது சமபரப்பு முறையே பழக்கமாகட்டும்.

மாற்றுவதற்கு 'எஸ்டி ட்ரான்ஸ்ஃபார்ம்'. 'எஸ்டி செட் சிஆர்எஸ்' வேண்டாம். அது எண்களை அப்படியே விட்டுவிட்டு மேலிருக்கும் முத்திரையை மட்டும் மாற்றும். டிகிரி எண்கள் மீட்டர் என்ற பெயரில் உட்கார்ந்துகொள்ளும். ஆர் எச்சரிக்கை காட்டும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.

இன்னொன்று: தரவில் 'ஏரியா' என்று ஒரு பத்தி உண்டு. அது சதுர டிகிரி. ஆஷ் கவுண்டிக்கு 0.114 என்று இருக்கும். உண்மையில் அது ஏறத்தாழ 1137 சதுர கிலோமீட்டர். பரப்பு வேண்டுமானால் 'எஸ்டி ஏரியா' கொண்டு நீங்களே கணக்கிடுங்கள்.

3. புள்ளிகள்

முதலில் 'செட் சீட்' போட்டு ஓர் எண் கொடுங்கள்; மறுபடி ஓட்டினாலும் அதே புள்ளிகள் வருவதற்காக. அடுத்து 'எஸ்டி சாம்பிள்', அடைப்புக்குள் என்சி, காற்புள்ளி, 500. மாநிலம் முழுக்க 500 புள்ளிகள் கிடைக்கும்.

உள்ளே நடப்பது எளிமையானது. மாநிலத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு, அதில் புள்ளிகளைத் தூவி, எல்லைக்கு வெளியே விழுந்தவற்றைக் கழித்துவிடுகிறது. இயல்பான 'ரேண்டம்' வகையில் கேட்ட எண்ணிக்கையே வரும். 'ரெகுலர்' (சம இடைவெளி), 'ஹெக்ஸகனல்' (அறுகோண அடுக்கு) வகைகளில் சில கூடவோ குறையவோ வரலாம். பிழை என்று நினைக்க வேண்டாம்.

4. நான் தவறிய இடம்

'முதலில் ஒரு பலகோணத்தைச் சமவாய்ப்பில் எடுப்போம், பிறகு அதற்குள் ஒரு புள்ளி எடுப்போம்' என்று நினைத்தேன். இரண்டு படியிலும் சமவாய்ப்பு இருக்கிறது, எனவே முடிவும் சமவாய்ப்புதான் என்று நம்பிவிட்டேன்.

அது சரியில்லை. எல்லாக் கவுண்டிக்கும் ஒரே வாய்ப்பு என்றால், சின்னக் கவுண்டியில் இருக்கும் ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பெரிய கவுண்டியில் இருப்பதைவிட அதிக வாய்ப்பு கிடைத்துவிடுகிறது. வடக்கு கரோலினாத் தரவில் 'ஏரியா' பத்தியின் குறைந்த மதிப்பு 0.042, உயர்ந்த மதிப்பு 0.241. அதாவது சிறியதில் புள்ளிகளின் அடர்த்தி பெரியதைப்போல ஐந்தரை மடங்குக்கும் மேல். இந்தப் புள்ளிகளில் அளந்ததை வைத்து மாநிலச் சராசரி எடுத்தால் அது சின்னக் கவுண்டிகளின் பக்கமே சாயும்.

இதே நிலை இன்னொரு வழியிலும் வரும். 'எஸ்டி சாம்பிள்'-இல் 500 என்ற ஒற்றை எண்ணுக்குப் பதிலாக, 'ரெப்' கொண்டு 5 என்பதை 100 முறை அடுக்கிக் கொடுத்தால் கவுண்டிக்கு ஐந்து புள்ளி வரும். மொத்தம் அதே 500தான். ஆனால் அது வேறொரு மாதிரி: ஒவ்வொரு கவுண்டியையும் தனித்தனியே ஒப்பிட அது நல்லது, மாநிலத்துக்கு ஒரே சராசரி சொல்ல அப்படியே பயன்படாது.

ஏற்கெனவே இப்படி எடுத்து, களத்துக்கும் போய்வந்துவிட்டீர்களா? தரவை வீசிவிட வேண்டாம். ஒவ்வொரு அளவீட்டுக்கும் அது விழுந்த பலகோணத்தின் பரப்பை எடையாகக் கொடுத்து, எடையிட்ட சராசரி எடுங்கள். என் வேலையை மீட்டது அதுதான்.

பரப்பு வழியே எடுப்பதுதான் எப்போதும் சரி என்றும் சொல்லமாட்டேன். கேள்வி நிலத்தைப் பற்றியதா, மனிதர்களைப் பற்றியதா என்று பாருங்கள். இதே தரவில் 1974–78 காலத்துப் பிறப்புகள் உண்டு. மெக்லன்பர்க்கில் 21,588, டிரெல்லில் 248. குழந்தைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவர் நிலப்பரப்பில் புள்ளி தூவினால் ஆளில்லாத காடுகளிலும் சதுப்புகளிலும்தான் அலைவார். அங்கே ஆர்-இன் 'சாம்பிள்' கட்டளையில், வாய்ப்பளவைச் சொல்லும் 'ப்ராப்' இடத்தில் பிறப்பு எண்ணிக்கையைக் கொடுத்துக் கவுண்டிகளை எடுப்பதே முறை.

5. எந்தப் புள்ளி எந்தக் கவுண்டி?

கிடைத்தவை வெறும் புள்ளிகள். கவுண்டிப் பெயர் ஒட்டியிருக்காது. 'எஸ்டி எஸ்எஃப்' கொண்டு அட்டவணையாக்கி, 'எஸ்டி ஜாயின்' கொண்டு என்சி-உடன் இணையுங்கள். பிறகு கவுண்டிவாரியாக எண்ணி, அதன் பங்கையும் பரப்பின் பங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனைக்கு 10,000 புள்ளி எடுத்தால் இரண்டும் நெருங்கி வரும். நான் முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபடச் செயலியிலும் பலகோணத்துக்குள் புள்ளி தூவும் கருவி இருக்கிறது. வரைபடம் அழகுபடுத்த அதையே பயன்படுத்துகிறேன். மாதிரியெடுக்க மட்டும் ஆர். என்ன செய்தேன் என்பது எழுத்தில் இருக்கும், நாளைக்கு இன்னொருவர் சரிபார்க்க முடியும்.

பின்சேர்க்கை

பதிவைப் பார்த்துச் செய்தவர்கள் மூன்று இடத்தில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

'எஸ்டி ஏரியா' தரும் விடையில் சதுர மீட்டர் என்ற அலகும் ஒட்டியே வரும். வெறும் எண்ணோடு ஒப்பிட்டால் பிழை காட்டும். 'ஆஸ் நியூமெரிக்' போட்டு அலகைக் கழற்றிவிடுங்கள்.

சொந்த வரைபடத்தில் 'எட்ஜ் கிராசஸ் எட்ஜ்' என்று பிழை வந்தால், எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டுகிறது என்று பொருள். 2021-இல் வந்த எஸ்.எஃப் 1.0 பதிப்பிலிருந்து டிகிரித் தரவுக்கு எஸ்2 முறை (பூமியை உருண்டையாகவே வைத்துக் கணக்கிடுவது) வந்துவிட்டதால் இது அடிக்கடி கண்ணில் படுகிறது. 'எஸ்டி மேக் வேலிட்' பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

தீவுகள் உள்ள கவுண்டிகள்: என்சி-இல் ஆறு கவுண்டிகள் ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளாக இருக்கின்றன, கரிடக் அவற்றில் ஒன்று. துண்டுகள் தள்ளித்தள்ளி இருந்தால் செவ்வகத்தில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். தூவிய புள்ளிகளில் பலவும் வீணாகும். 'பை பாலிகன்' என்பதை 'ட்ரூ' என்று வைத்தால் துண்டுதுண்டாகப் பிரித்துத் தூவும்.

முடிந்ததும் புள்ளிகளை ஜியோபேக்கேஜ் கோப்பாகச் சேமியுங்கள். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவில் பத்தியின் பெயர் பத்து எழுத்தோடு வெட்டுப்பட்டுவிடும். சீட் எண்ணை நம்பி, கோப்பைச் சேமிக்காமல் விடவும் வேண்டாம். தொகுப்பின் பதிப்பு மாறினால் அதே எண்ணுக்கு வேறு புள்ளிகள் வரலாம்.