பழைய ரெசிடென்ட் ஈவிலில் திணறுகிறீர்களா?

1996இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் வீடியோ கேமில் ஜாம்பியைவிடப் படுத்துவது கன்ட்ரோல்தான். மேல் பட்டன் என்றால் திரையில் மேலே அல்ல, ஆள் பார்க்கும் பக்கம் முன்னே. இடது, வலது பட்டன்கள் ஆளைத் திருப்ப மட்டுமே. ஓடும்போது கேமரா மாறினால் பதறி வேறு பட்டனுக்குத் தாவாதீர்கள்; மேல் பட்டனை விடாமல் பிடித்தால் நேராகவே ஓடும்.

ஷாட்கன் கிடைத்ததும் ஜாம்பியை நன்றாக நெருங்க விட்டு, குறியை மேலே தூக்கிச் சுடுங்கள். ஒரே குண்டில் தலை சிதறும். தூரத்திலிருந்து சுட்டால் குண்டுதான் தண்டம். அகலமான இடமென்றால் சுடவே வேண்டாம், சுற்றி ஓடிவிடலாம்.

ஆட ஜில், கிறிஸ் என்று இரண்டு பாத்திரங்கள். புதியவர்கள் ஜில்லையே எடுங்கள்: பொருள் வைக்க 8 இடம். கிறிஸுக்கு 6தான். சேவ் செய்ய ஒவ்வொரு முறையும் ஒரு இங்க் ரிப்பன் (டைப்ரைட்டர் மை நாடா) செலவாகும். முக்கியச் சாவி எதாவது கிடைத்த பிறகு செய்யுங்கள்.